லைட் டியூட்டி கேட்பவர் சோம்பேறியா? வார்டில் யார் தலையில் விழுகிறது பாரம்?

குளுவாங்: மருத்துவமனை வார்டுகளில் ஷிப்ட் அட்டவணை வெளியாகும் நாளில் ஒரு கேள்வி எப்படியும் எழும். இன்னாருக்கு மட்டும் ஏன் நைட் ஷிப்ட் இல்லை? முதுகுவலி என்று ஒருவர், கர்ப்பிணி என்று ஒருவர், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று இன்னொருவர். கேட்டவருக்கு லைட் டியூட்டி கிடைக்கிறது. கேட்காதவர் தலையில் மிச்ச வேலை விழுகிறது. பிறகு டீ குடிக்கும் நேரத்திலும் இரு தரப்பும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

தாதியருக்குள் நடக்கும் சில்லறைச் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குளுவாங் பட்டண மக்களும், பாலோ, காஹாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களும் அவசரத்திற்கு ஓடிவரும் இடம் என்சே பெசார் ஹஜா கல்சோம் அரசு மருத்துவமனை. அங்கும் மற்ற மருத்துவமனைகளிலும் படுத்திருப்பவர்கள் நம் பெற்றோர். மிஸ்ஸி வேலைக்குப் படித்துவிட்டு அரசாங்கத்திலும் தனியாரிலும் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். கட்டிலின் இரு பக்கமும் நம்மவர்கள்தான்.

*கணக்கு சொல்வது என்ன?*

ஓர் உதாரணம். ஒரு வார்டில் 18 தாதியர், இரவுக்கு மூவர் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்திற்கு 90 இரவுப் பணிகள். ஆளுக்கு 5 இரவு. மூவருக்கு நைட் ஷிப்டிலிருந்து விலக்கு கொடுத்தால், மீதி 15 பேருக்கு ஆளுக்கு 6 இரவு. மாதம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆண்டுக்குப் பன்னிரண்டு. அரசு மருத்துவமனைகளில் வழக்கமான நைட் ஷிப்ட் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை, பத்து மணி நேரம்.

பகலிலும் இதே கதைதான். 30 நோயாளிகளை ஆறு பேர் பார்த்தால் ஆளுக்கு ஐவர். நோயாளியைத் தூக்கக்கூடாது, புரட்டக்கூடாது என்று ஒருவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், படுக்கையோடு இருப்பவர்களைக் குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் ஐவர்தான் மிச்சம்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மரம் வெட்ட ஆள் வராத நாளில் அந்த நிரையை மற்றவர்கள் சேர்த்து வெட்டுவார்கள். ஆனால் பாலின் எடைக்கு ஏற்பக் கூலியும் கூடும். வார்டில் அந்தக் கூடுதல் இல்லை. தனியார் துறையில் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு ஓவர்டைம் செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதே ஷிப்டுக்குள் ஐந்து நோயாளி ஆறானால், ஏழானால், அதற்கு ஒரு காசும் கூடாது.

*கோபம் யார் மேல்?*

லைட் டியூட்டி கேட்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம் அல்லர். மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, டாக்டர் சீட்டோடு வருபவர்கள். நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு போவது தாதியர் தொழிலில் சாதாரணம். இன்று முணுமுணுக்கும் தாதிக்கே பத்து ஆண்டு கழித்து அதே சீட்டு தேவைப்படலாம். அவருக்கு என்ன நோய் என்று துருவுவது சக ஊழியரின் வேலை அல்ல.

இரண்டாம் வகை, வீட்டு நிலைமையால் நேர மாற்றம் கேட்பவர்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 1955 வேலைச் சட்டத் திருத்தம், தனியார் துறை ஊழியர் வேலை நேரத்தையோ நாளையோ மாற்றிக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே, கேட்பது குற்றம் அல்ல. அரசு ஊழியர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் பொதுச் சேவைத் துறை விதிகளின்படி போக வேண்டும்.

மூன்றாம் வகை, சீட்டும் இல்லாமல், விண்ணப்பமும் இல்லாமல், சிஸ்டரிடம் சொல்லி வைத்துச் சுலபமான வேலையை எடுத்துக்கொள்பவர்கள். இவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வார்டில் யார் எந்த வகை என்று யாருக்கும் தெரியாத நிலையில், மூன்றாம் வகையின் மேல் உள்ள கோபம் முதல் வகையின் மேல் விழுகிறது. உண்மையாகவே முதுகு போனவர் வலியோடு பழியையும் சேர்த்துச் சுமக்கிறார்.

ஒருவருக்கு விலக்கு கொடுப்பது நிர்வாகம். ஆனால் அந்த இடத்திற்கு மாற்று ஆள் வருவதில்லை. நிர்வாகம் கொடுக்கும் சலுகையின் விலையைப் பக்கத்தில் நிற்பவர் கட்டுகிறார். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

*மூன்று மணி நேரம் ஏன் கொதிக்க வைத்தது?*

2024 டிசம்பர் 1-இல் புதிய பொதுச் சேவை ஊதிய முறை தொடங்கியபோது, ஷிப்ட் பார்க்கும் தாதியரின் வார வேலை நேரம் 42 மணியிலிருந்து 45 மணியாகும் என்ற அறிவிப்பும் வந்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்ப, அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டது. வாரம் மூன்று மணி நேரம் என்பது ஆண்டுக்கு 156 மணி நேரம். ஏழு மணி நேர ஷிப்டாகப் பார்த்தால் 22 ஷிப்ட். ஆள் பற்றாக்குறையை இருப்பவர்களின் உடம்பைக் கொண்டே அடைக்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான் அந்தக் கொதிப்பின் அடியில் இருந்தது. லைட் டியூட்டி சண்டையின் அடியிலும் இதே எண்ணம்தான்.

ஜொகூருக்கு இதில் கூடுதல் தலைவலி. பாலத்திற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், பொது மருத்துவமனைத் தாதியர் விலகாமல் இருக்க 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தரும் திட்டத்தை 2024-இல் அறிவித்தது. இங்கே சலித்துப்போனவர் கிளம்பிவிட்டால், அட்டவணை இன்னும் இறுகும்.

நோயாளிக்கு இதனால் என்ன ஆகும்? அமெரிக்க ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதி பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வது தெரியவந்தது. கலிபோர்னியா 2004-இல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்ட வரம்பை நடைமுறைப்படுத்தியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. அங்கெல்லாம் ஒருவர் லைட் டியூட்டிக்குப் போனாலும் வரம்பை மீற முடியாது. நிர்வாகம்தான் ஆள் தேட வேண்டும்.

*வார்டிலேயே செய்யக்கூடியவை*

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லைட் டியூட்டி என்பதை வேலையில்லா டியூட்டி ஆக்காமல், செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். மருந்து இருப்புக் கணக்கு, வீடு திரும்பும் நோயாளிக்கான ஆவணங்கள், புதிய நோயாளியைப் பதிவது, தொலைபேசி, குடும்பத்தாருக்கு விளக்கம் சொல்வது என முதுகு வளையாத வேலைகள் வார்டில் நிறைய உண்டு. அவற்றை அவர் எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் கை கொஞ்சம் ஓயும், முணுமுணுப்பும் குறையும்.

விலக்கு எந்தத் தேதி வரை, மறுபரிசீலனை எப்போது என்பதும் தெரிய வேண்டும். நோயின் பெயர் வேண்டாம், தேதி போதும். தனியார் துறையில் சொக்சோ பாதுகாப்பு உள்ளவர்கள் உடல்நிலை தேறி வேலைக்குத் திரும்ப, 2007 முதல் தனித் திட்டமே நடக்கிறது.

பாரம் கூடியவர்களும் கேண்டீனில் புலம்புவதோடு நிற்காமல், யாருக்கு எத்தனை நோயாளி, எத்தனை நைட் என்று ஒரு மாதம் குறித்து வைத்து சிஸ்டரிடமும் மேட்ரனிடமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆள் மேல் சொல்லும் புகாரைத் தட்டிக் கழிப்பது சுலபம், எண்ணிக்கையைத் தட்டிக் கழிப்பது கடினம். தமிழ் தெரிந்த தாதியர் ஒன்றை மறக்காமல் சேர்க்கலாம். மலாய் சரளமாக வராத தோட்டத்துப் பாட்டிக்கு மொழிபெயர்க்க அடுத்த வார்டிலிருந்து அழைப்பு வந்தால், அதுவும் வேலைதான். எந்த அட்டவணையிலும் அது ஏறுவதில்லை.

பொதுமக்களுக்கும் ஒரு வழி உண்டு. அரசு மருத்துவமனைகளில் லெம்பாகா பெலாவாட் எனப்படும் வருகையாளர் வாரியம் இருக்கிறது. நம் அமைப்புகள் அங்கே நாற்காலி, விசிறி, கார் நிறுத்துமிடம் பற்றிக் கேட்பதோடு, இரவு வார்டில் எத்தனை தாதியர் நிற்கிறார்கள் என்றும் கேட்கலாம். அந்தக் கேள்வியை வெளியே இருப்பவர்கள் கேட்காதவரை, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.