புலேராவில் காலனி எந்தப் பக்கம்?

"சார், டிவி காலம் முடிஞ்சுபோச்சு. மாமியா மருமவ சண்டைய வீட்டுப் பாட்டிங்க பாத்துட்டுப் போகட்டும். பசங்க பூரா இப்ப வெப் சீரிஸ்தான். சென்சார் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சாதியப் பத்திக்கூடப் பட்டுனு பேசுறான். உங்காளுங்களுக்கு இதவிட வேற என்ன வேணும்?"

நான் வேலை பார்க்கும் வங்கியில் பக்கத்துக் கவுன்ட்டர்காரர் மதியச் சாப்பாட்டின்போது சொன்னது இது. 'உங்காளுங்க' என்பதை அவர் தயிர்சாதத்தோடு சேர்த்து மென்று விழுங்கியதைப் பற்றி எழுதப் போவதில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சொல்லோடுதான் தினமும் கணக்கு முடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன மற்றதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஏனென்றால் நம் தோழர்களும் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். தொலைக்காட்சி சாதி இந்துக் குடும்பத்தின் கருத்தியல் சாதனமாம், இணையம் நமக்கான வெளியாம், இளைஞர்கள் அங்கே போய்விட்டதால் நாமும் போனால் போதுமாம். போன மாதம் ஒரு மாணவர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாதி தட்டி நிறுத்திக்கொண்டேன்.

கவுன்ட்டர்காரர் எனக்குச் சிபாரிசு செய்தது 'தலைவெட்டியான் பாளையம்'. "பாருங்க சார், மனசு லேசாயிடும்." 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்தது. பட்டணத்துப் படித்த பையன் திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றுக்குப் பஞ்சாயத்துச் செயலராகப் போகிறான். ஊர்க்காரர்கள் வெகுளிகள், கொஞ்சம் குறும்பு, கடைசியில் எல்லோரும் நல்லவர்கள். எட்டுப் பகுதியும் பார்த்தேன். பார்த்து முடித்தபிறகு அந்த ஊரின் காலனி எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதன் மூலம் 2020 ஏப்ரலில், ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தபோது வந்த இந்தி 'பஞ்சாயத்'. உத்தரப் பிரதேசத்துப் பலியா மாவட்டத்தில் புலேரா என்றொரு கற்பனைக் கிராமம். செயலர் திரிபாதி. தலைவியின் புருஷனாக இருந்து பஞ்சாயத்தை நடத்துகிறவர் துபே. உபதலைவர் பாண்டே. அலுவலக உதவியாளர் சுக்லா. கதையைத் தூக்கிச் சுமக்கிற நான்கு ஆம்பிளைகளும் பார்ப்பனப் பெயர்க்காரர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் தலித். புலேராவில் அந்த ஐந்தாவது ஆள் எங்கே போனான்? யாரும் கேட்கவில்லை. 2023இல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் முதன்முதலாக வெப் சீரிஸுக்கு விருது வைத்தார்கள். அதை இந்தத் தொடரின் இரண்டாம் பருவத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியக் கிராமம் என்றால் இதுதான் என்று அரசாங்க முத்திரையும் விழுந்தாயிற்று.

அதன் முதல் பருவம் எப்படி முடிகிறது தெரியுமா? குடியரசு தினத்தில் யார் கொடி ஏற்றுவது என்ற பிரச்சினையில். இதுவரை வீட்டுக்குள் இருந்த தலைவி தேசிய கீதத்தை மனப்பாடம் செய்து, வெளியே வந்து ஏற்றுகிறாள். பார்க்கிறவன் கண் கலங்கும், எனக்கும் கலங்கியது. பொய் சொல்வானேன். ஆனால் தோழர்களே, நம் மாநிலத்தில் தலித் ஊராட்சித் தலைவர்களைக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து. அதே திருநெல்வேலி மாவட்டத்தில் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த அருந்ததியப் பெண் கிருஷ்ணவேணியை 2011 ஜூனில் வெட்டிச் சாய்த்தார்கள், அவர் உயிர் பிழைத்தது தனிக்கதை. 1997இல் மேலவளவில் முருகேசனை வெட்டிய கதை நமக்குப் பாடம்போல் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 1996 முதல் 2006 வரை தேர்தலை முழுசாக நடத்தவிடாமல் பத்து வருஷம் ஓட்டினார்கள். பஞ்சாயத்து என்ற சொல்லைக் கேட்டால் எவனுக்கு மனசு லேசாகிறது, எவனுக்குக் கனக்கிறது என்பதில்தான் ஊரும் சேரியும் பிரிகின்றன.

என் அப்பா 1996 தேர்தலில் ரிசர்வ் வார்டு உறுப்பினர். கூட்டம் என்று சொல்லி ஆள் வராது. தீர்மான நோட்டுதான் வரும். வீட்டு வாசலில் நின்றபடி அப்பா கையெழுத்துப் போடுவார். ஒருமுறை அவராகவே கூட்டத்துக்குப் போனார். நாற்காலிகள் கணக்காகத்தான் போடப்பட்டிருந்தன, ஒன்று குறைவாக. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. இதை என் அக்கா மகனிடம் நான் சொன்னதே கிடையாது. அவன் காலேஜில் ரெண்டாம் வருஷம். அவனும் தலைவெட்டியான் பாளையத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரே ராத்திரியில் பார்த்துவிட்டு, "மாமா, தாத்தாகூட மெம்பரா இருந்தாராமே, இப்படித்தான் ஜாலியா இருந்திருக்கும்ல?" என்று கேட்டான். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது கவுன்ட்டர்காரர் அல்ல. இவன்தான்.

இனி டிவிக்கு வருவோம். தலைவெட்டியான் பாளையத்தை இயக்கிய நாகாதான் தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் 'மர்மதேசம்' எடுத்தவர். அதில் 'விடாது கருப்பு' ஓடியபோது எனக்கு எட்டு ஒன்பது வயசு. எங்கள் தெருவில் டிவி கிடையாது. ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். எல்லைக்கு வெளியே நிற்கிற எங்கள் கருப்பசாமியை ஊருக்குள் வைத்துக் காட்டினார்கள், நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். விளம்பரம் வந்தால் அந்த வீட்டம்மா ஜன்னலைச் சாத்துவாள், கரண்டு மிச்சமாகிற மாதிரி. (சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14. பஞ்சாயத்தில் நமக்கு இடஒதுக்கீடு தந்த 73ஆவது சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது அதே மாதம் 24ஆம் தேதி. பத்து நாள் வித்தியாசம். எது முதலில் எங்கள் தெருவுக்குள் வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். ஜன்னல் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் உள்ளே ஓடிய குடும்பம் அதே குடும்பம்தான். அந்தச் சீரியல் வீடுகளில் பூஜை அறை உண்டு, கூடம் உண்டு, சொத்துத் தகராறு உண்டு. சேரியில் பிறந்த மருமகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆக டிவியை நான் புனிதப்படுத்தவில்லை. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் மீட்டர் வைத்து, வியாழக்கிழமைதோறும் ரேட்டிங் பார்த்து, அதற்கேற்ப அழவைக்கிற யந்திரம் அது. ஆனால் அதன் பொய் பொதுப்பொய். ஊரும் சேரியும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைப் பார்த்தன. அதனால் அதை எதிர்த்துத் தெருவில் நிற்கவும் முடிந்தது, சிலசமயம் உரிமை கேட்கவும் முடிந்தது. 1988இல் தூர்தர்ஷன் ராமாயணம் முடியப்போகிறது என்றதும் பஞ்சாபில் ஜலந்தர் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்மீகி சமூகத்தவர். வால்மீகி வருகிற உத்தரகாண்டத்தையும் எடு என்றார்கள். அரசாங்கம் பணிந்தது. ராமனை நாம் ஏற்கிறோமா என்பது வேறு விவாதம், அதில் என் பதில் உங்களுக்குத் தெரியும். நான் பார்ப்பது, ஒரு நிகழ்ச்சியைப் பொதுச்சொத்தாகக் கருதி, குப்பை வண்டியை நிறுத்தி, இன்னும் கொடு என்று கேட்ட அந்தக் கூட்டத்தை. 2020இல் அம்பேத்கர் வாழ்க்கைத் தொடரை 'மகாநாயகா' என்று கன்னடத்தில் டப்பிங் செய்து ஜீ கன்னடாவில் போட்டபோது, கர்நாடகக் கிராமங்களில் நம் மக்கள் பிளக்ஸ் வைத்துக் கொண்டாடினார்கள். நிறுத்தச் சொல்லி சேனல் பொறுப்பாளருக்கு மிரட்டல் போனது. பிளக்ஸும் மிரட்டலும் எதனால் வந்தன? ஊர்க்காரன் வீட்டுக் கூடத்திலும் அதே நேரத்தில் அம்பேத்கர் பேசினார் என்பதால்.

செல்போனில் அம்பேத்கர் பேசினால் ஊர்க்காரனுக்குத் தெரியவே தெரியாது. இங்கேதான் கைதட்டலை நான் நிறுத்தினேன். 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது, டிசம்பரில் அமேசான் பிரைம். ஒரே வருஷத்தில் கூடத்து டிவி பையன்களின் பாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டது. அவன் எங்கே நிறுத்தினான், எதைத் தாண்டினான், எத்தனை மணிக்குத் தூங்கினான் எல்லாம் கம்பெனிக்குத் தெரியும். அதை வைத்துத்தான் அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவாகிறது. ஒரே படத்துக்கு ஆளுக்கொரு முகப்புப் படம் காட்டுவதாக 2017இல் நெட்ஃபிளிக்ஸே விவரமாக எழுதியது. அடுத்த வருஷமே அமெரிக்காவில் கறுப்பினப் பார்வையாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்: வெள்ளையர் படத்தில் ரெண்டு நிமிஷம் வந்துபோகிற கறுப்பு நடிகனின் முகத்தை எங்களுக்கு மட்டும் ஏன் முன்னால் காட்டுகிறாய்? கம்பெனி சொன்ன பதில், நாங்கள் யாரிடமும் இனம் கேட்பதில்லை, பார்த்ததை வைத்துத்தான் காட்டுகிறோம் என்று.

நம்மிடமும் சாதிச் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. கேட்காமலே தெரு பிரிந்துவிடும். என் போனைத் திறந்தால் 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறனின் 'ஓர் இரவு' வந்து நிற்கிறது, 'விக்டிம்' தொகுப்பில் ரஞ்சித்தின் 'தம்மம்' வந்து நிற்கிறது. கவுன்ட்டர்காரர் போனில் எது நிற்கிறது என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். புலேரா, புலேரா மாதிரி இன்னும் நாலு. சாதி மாறிக் கட்டிய கர்ப்பிணி மகளைத் தகப்பனே விஷம் வைத்துக் கொல்கிற கதையை யார் பார்க்க வேண்டும்? செத்தவன் தெருவா, கொன்றவன் தெருவா?

'சாதியைப் பட்டுனு பேசுறான்' என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 2023இல் வந்த 'தஹாத்'தில் தலித் பெண் போலீஸ் அதிகாரி. அப்பா மேக்வால் என்ற பெயரை மாற்றி வைத்திருப்பார். அவள் கடந்துபோனால் ஸ்டேஷனில் ஒருவன் ஊதுவத்தி கொளுத்துவான். நல்ல காட்சி, வங்கியில் ஊதுவத்தி கொளுத்தாமலே அதே வாசனை எனக்கு வரும். அவளாக நடிப்பது சத்ருகன் சின்காவின் மகள். அதே வருஷம் 'மேட் இன் ஹெவன்' இரண்டாம் பருவத்தில் நீரஜ் கய்வான் இயக்கிய தலித் பௌத்தத் திருமணம். என் வாழ்க்கையும் என் வார்த்தைகளும் பெயர் சொல்லாமல் எடுக்கப்பட்டன என்றார் எழுத்தாளர் யாஷிகா தத். இல்லை என்று மறுத்தார்கள் தயாரிப்பாளர்கள். கய்வானை நான் மதிக்கிறேன், அவர் நம்மவர், நம்மவர் என்று சொல்லிக்கொள்ள அஞ்சாதவர். ஆனால் நம் கதைக்கு மேசை போட்டு, கணக்கு எழுதி, பெயர் யாருக்கு என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை என்பதை அந்தச் சண்டை காட்டிவிட்டது.

சென்சார் இல்லையாம். 2021 ஜனவரியில் 'தாண்டவ்' தொடரை மதம் புண்பட்டது என்று வழக்கு மேல் வழக்காகப் போட்டு வெட்டவைத்தார்கள். அடுத்த மாதமே ஓடிடிக்கு ஒன்றிய அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் 'அன்னபூரணி' படத்தை நெட்ஃபிளிக்ஸ் சத்தமில்லாமல் தூக்கியது. புண்படுகிற உரிமையும் பட்டா போட்ட நிலம் மாதிரி சிலரிடம்தான் இருக்கிறது. புலேராவில் நாம் இல்லை என்பதால் நாம் புண்பட்டோம் என்று எவன் எப்ஐஆர் போடுவான்?

வங்கிக்காரன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்காலர்ஷிப் பணம் விழுகிற கணக்குகளை தினமும் பார்க்கிறேன். ஒரு பையன் பாஸ்புக்கை நீட்டி, "சார், மாசாமாசம் எவனோ காச எடுக்குறான்" என்றான். பார்த்தால் ஒரு ஓடிடி கம்பெனி. ஒரு சீரிஸுக்காகச் சந்தா கட்டியிருக்கிறான், ஆட்டோ பே என்று ஓகே கொடுத்ததை மறந்துவிட்டான். எடுப்பதற்கு ஒருநாள் முன்பே செய்தி அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி. செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். நிறுத்திக் கொடுத்தேன். "என்ன சீரிஸ் தம்பி?" என்று கேட்டேன். சொன்னான். நம் தெரு இல்லாத சீரிஸ்தான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒரு பங்கு, நம்மை அழித்துவிட்டு வரைந்த கிராமத்துக்கு வாடகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. பையன்களைத் திட்டாதீர்கள். ஹாஸ்டல் அறையில் ராத்திரி பதினோரு மணிக்கு அவர்களுக்கு வேறு என்ன கொடுத்திருக்கிறோம்? நம் பத்திரிகையை அவன் படிப்பதில்லை என்று புலம்புகிறோம். அவன் படிக்கும்படி நாம் எழுதுகிறோமா? 'கட்டமைப்பு', 'பிம்பம்' என்று நான்கூட இந்தக் கட்டுரையில் கைவரிசை காட்டாமல் இருக்கச் சிரமப்பட்டேன்.

போன மாசி மாதம் காலனி அம்பேத்கர் மன்றத்தில் வேட்டி கட்டி 'ஓர் இரவு' போட்டோம். அக்கா மகன்தான் போனை இணைத்தான். வீட்டுக்குள் மட்டும் பார்க்க வேண்டும் என்று கம்பெனி விதி இருக்கிறது என்றான், காலனி ஒரே வீடுதான்டா என்றேன். அறுபது எழுபது பேர். கடைசியில் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் நாற்காலி கதையை அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன். அதற்குள் என் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்களுக்கு எதுக்குடா இத போட்டுக் காமிக்கிறீங்க? நாங்களா வெஷம் வெக்கிறோம்? அவனுங்க தெருவுல போட்டீங்களா?"

போடவில்லை பெரியம்மா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், இரண்டு தெருவுக்கும் பொதுவான இடத்தில் போட அனுமதி கேட்டு ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறோம். நீ என்ன சினிமா கொட்டகை வெச்சிருக்கியா என்று கேட்டார் எழுத்தர். மனுவுக்கு ரசீது வாங்கி வைத்திருக்கிறான் அக்கா மகன்.