கேமரா யார் பக்கம் திரும்புது? காசிமேட்டிலிருந்து ஒரு கேள்வி



ஞாயிற்றுக்கிழமை விடியறதுக்கு முன்னாடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்க. ஏலம் விடுறவங்க குரலுக்குப் போட்டியா செல்ஃபி குச்சி புடிச்சவங்க குரலும் கேக்குது. வஞ்சிரம் என்ன விலை, வவ்வால் என்ன விலைன்னு வீடியோ எடுக்குறாங்க. எடுக்கட்டும். அதைப் பாத்துட்டுத்தான் தாம்பரத்துல இருந்தும் ஆவடியில இருந்தும் சனம் வந்து மீன் வாங்குது. வியாபாரத்துக்கு நல்லதுதான், யாரும் மறுக்கல.

ஆனா கூடைக்குப் பின்னால உக்காந்திருக்குற அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? மீனுக்கு விலை கேக்குறவங்க, முகத்தைப் படம் புடிக்க அனுமதி கேக்குறதே இல்ல. பேரம் பேசுறப்ப ஆத்திரத்துல வந்த ஒரே ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்து, சிரிப்புச் சத்தம் சேத்து, ஊரே பாக்க விட்டுடுறாங்க. காசு சேனலுக்குப் போகுது. பேச்சு வாங்குறது அந்த அம்மா. காலேஜுல கேலி கேக்குறது அவங்க பொண்ணு. வடசென்னைன்னாலே ரவுடி, கெட்ட வார்த்தைன்னு சினிமா இத்தனை வருசமா காட்டுனது போதாதா? இப்போ ரீல்ஸ் வேற!

இதைச் சொல்றதால போனே வேணாம்னு நாம சொல்றதா யாரும் நினைக்க வேண்டாம். நம்ம பகுதிக்கு நடந்த அநியாயத்தை உலகத்துக்குக் காட்டினதே இந்தப் போன்தான்.

2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பில் முதலில் சொன்னார்கள். கரையில் கருப்பாக ஒதுங்கிய எண்ணெயையும், அதை வாளியால் அள்ளிய இளைஞர்களையும் படம் எடுத்துப் போட்ட பிறகு அந்தப் பேச்சு நிக்கல.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மணலி சிபிசிஎல் ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. குழாயில் கசிவு இல்லை என்று நிறுவனம் சொன்னது. மீனவர்கள் மக்கால எண்ணெயை மொண்டு ஊத்துன காட்சியும், எண்ணெயில ஊறிப்போன கூழைக்கடாவும் போன்ல பரவுச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. பாதிக்கப்பட்ட 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. (ஒரு ஃபைபர் போட்டு, வலை, இன்ஜினோட விலை தெரிஞ்சவங்க இந்தத் தொகையைப் பத்திச் சிரிக்கலாம்.)

அதே மாசம் 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிஞ்சு, மூச்சு அடைச்சு, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு சனம் தெருவுல ஓடுச்சு. கடல் கொதிக்கிற மாதிரி பொங்குனதை யாரோ ஒருத்தர் போன்ல எடுத்து வெச்சாரு. அந்த வீடியோ இல்லைன்னா மறுநாள் என்ன சொல்லியிருப்பாங்கன்னு 2017-லயே பாத்துட்டோம்.

ஆக, ஆலையைப் பாத்து, அதிகாரத்தைப் பாத்து திரும்புற கேமரா வேற. உழைக்கிற பொம்பளையோட முகத்தைப் பாத்து அவங்களைக் கேக்காம திரும்புற கேமரா வேற. இரண்டையும் 'கருத்துச் சுதந்திரம்'னு ஒரே மூட்டையில கட்டக் கூடாது.

இன்னொரு விஷயம், இதைப் பத்திப் பேச வெக்கப்பட்டுக்கிட்டே பல வீடுகள் கஷ்டப்படுது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சு கரையிலயே நிக்கும். அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாசத்துக்கு அது எப்படிப் போதும்? ஸ்கூல் ஃபீஸும் அந்த நேரத்துலதான் வந்து நிக்குது. முன்னாடி கந்துவட்டிக்காரன் வாசல்ல வந்து கத்துவான். இப்போ கடன் செயலி போனுக்குள்ளயே உக்காந்துருக்கு. இறக்கும்போதே தொடர்பு எண்கள், போட்டோ எல்லாத்துக்கும் 'அனுமதி' அமுக்கச் சொல்லும். அவசரத்துல இருக்குறவங்க அமுக்கிடுறாங்க. தவணை தவறினா, மாமனாருக்கும் மச்சானுக்கும் ஏலக்காரருக்கும் மெசேஜ் போகும். பொம்பளைங்க படத்தை ஆபாசமா மாத்தி அனுப்பிடுவேன்னு மிரட்டுவான்.

ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது: கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ, போனிலுள்ள படங்களையோ தொடக் கூடாது. ஆனால் பதிவு இல்லாத திருட்டுச் செயலிக்கு எந்த வழிகாட்டுதல்? ஒண்ணை மூடினா வேற பேர்ல இன்னொண்ணு முளைக்குது. இது கடன் வாங்குனவங்களோட குத்தம்னு பேசுறவங்களுக்கு ஒண்ணு சொல்றோம்: கூட்டுறவு சங்கத்துல நேரத்துக்குக் கடன் கிடைச்சா யாரும் போன்ல போய்த் தேட மாட்டாங்க.

அந்தரங்கம் பெரிய வீட்டுக்காரங்க சமாச்சாரம்னு ஒரு நினைப்பு இருக்கு. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. பத்துக்குப் பத்து வீட்டுல அஞ்சு பேர் வாழுறவங்களுக்கும் சேத்துத்தான் அந்தத் தீர்ப்பு.

ஆனா ஒன்றிய அரசு 2023-ல் கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் செஞ்ச வேலையைப் பாருங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 'தனிநபர் தகவலானாலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம்' என்று 8(1)(ஜே) பிரிவுக்குள் இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். 'இது தனிநபர் தகவல்'னு சொல்லி ஃபைலை மூட அதிகாரிக்கு ஒரு வழி கிடைச்சிருக்கு. நிவாரணப் பட்டியலில் யார் பெயர் எப்படி வந்தது, யார் பெயர் ஏன் விட்டுப்போச்சுன்னு ஒரு மீனவர் கேட்டால் என்ன பதில் வரும்னு யோசிச்சுப் பாருங்க. அந்தரங்கம் அவங்களுக்குக் கவசமாயிடுச்சு, நமக்குத்தான் வந்து சேரல!

மாநில அரசும் பதில் சொல்லணும். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் மென்பொருள் தளத்திலிருந்தே தகவல்கள் திருடுபோயின. ரோட்டுல போறவங்களை நிறுத்தி முகத்தைப் படம் புடிக்கிற வழக்கம் எந்தப் பகுதியில அதிகம்னு வடசென்னைப் பசங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

நம்ம கோரிக்கை இதுதான். மீன்பிடித் துறைமுகத்தில் காசுக்காகப் படம் எடுக்கிறவர்கள் வியாபாரம் செய்யும் பெண்களின் சம்மதத்தைக் கேட்டே எடுக்க வேண்டும் என்று மீன்வளத்துறை அறிவிப்புப் பலகை வைக்கட்டும். தடைக்கால நிவாரணத்தை உயர்த்தட்டும். கூட்டுறவு சங்கங்கள் வழியாக வட்டியில்லாக் கடனை ஏப்ரலுக்கு முன்பே தரட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் வெட்டியதைத் திரும்பச் சேர்க்க ஒன்றிய அரசை நாடாளுமன்றத்தில் நெருக்க வேண்டும்.

கடன் செயலி மிரட்டல் வந்தா பயந்து இன்னொரு செயலியில கடன் வாங்காதீங்க. மெசேஜை அழிக்காம வெச்சிருங்க, 1930-க்கு போன் போடுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியா போகத் தயக்கமா இருந்தா உங்க வட்டத் தோழர்களைக் கூப்பிடுங்க, கூட வருவாங்க. உங்க படத்தையோ வீட்டுப் பொண்ணு படத்தையோ கேக்காம போட்டிருந்தா அதோட லிங்க்கை கமெண்ட்ல போட வேணாம், இன்பாக்ஸ்ல மட்டும் அனுப்புங்க.

#காசிமேடு #வடசென்னை #கேட்டுட்டுஎடு #மீனவர்உரிமை