குதிரை தின்னவில்லை என்றால் முதலில் அதன் வாயைப் பாருங்கள்



முப்பத்து நான்கு வருடம் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவன் குதிரைத் தீனியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிலருக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லை. எட்டு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சே இதுதான். கொஞ்சம் நீளமான பதிவு. குதிரை வைத்திருப்பவர்களும், வாங்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் என் தங்கை மகன் ஒரு பெண் குதிரை வாங்கினான். செவலை நிறம், கத்தியவாரி இனம். காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். பவளம் என்று பெயர் வைத்தான். வாங்கும்போதே கொஞ்சம் மெலிவுதான். "நாலு மாசம் தீனி போட்டா தேறிடுமுங்க மாமா" என்றான். கார்த்திகை பிறக்கும்போது விலா எலும்பை வாசலில் நின்றே எண்ணலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

ஊரில் ஆலோசனைக்கா பஞ்சம்? கொள்ளை இரட்டிப்பாக்கு என்றார் ஒருவர். பச்சை முட்டையைக் கலக்கிக் கொடு என்றார் இன்னொருவர். கோதுமைத் தவிடு, புண்ணாக்கு, டானிக் பவுடர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பையனும் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டான். குதிரை முகர்ந்து பார்க்கும், இரண்டு வாய் தின்னும், மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். கடைசியில், "இது திமிர் புடிச்ச குதிரைங்க மாமா. வெச்சதத் திங்காது, தின்னாலும் ஒட்டாது. தரகர்கிட்டச் சொல்லிட்டேன்" என்றான். எலும்பும் தோலுமான குதிரையை வாங்க வருகிறவன் அதை ஓட்டிப் பார்க்கவா வாங்குவான்? பத்து நாள் பொறு என்று கேட்டுக்கொண்டேன்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இளைத்த குதிரையைப் பார்த்ததும் "என்ன போடலாம்?" என்று கேட்கிறோம். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஏன் தின்னவில்லை, தின்றது எங்கே போகிறது என்ற இரண்டையும் கண்டுபிடிக்காமல் எந்தத் தீனி போட்டாலும் வீண். சில சமயம் வீணாவதோடு நிற்காது, உயிரையும் எடுக்கும்.

மறுநாள் காலை லாயத்துக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் சும்மா பார்த்தேன். வைக்கோலை வாயில் வாங்கியது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மென்றது. பிறகு பாதி மென்றதை உருண்டையாகக் கீழே போட்டது. அப்படி ஏழெட்டு உருண்டை. லத்தியைக் குச்சியால் கிளறினேன். கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தது. திமிர் பிடித்த குதிரை தீனியை ஒதுக்கும், சரி. மென்று மென்று துப்புமா?

கால்நடை மருத்துவர் அம்மா வந்தார். மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து பிடிக்கும் கருவியை மாட்டி, விளக்கு அடித்துக் காட்டினார். கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்தி போல இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் புண்.

குதிரையின் பல் நம் பல்லைப் போல ஒரு அளவோடு நிற்பதில்லை. தேயத் தேய ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கூராக நின்றுவிடும். மெல்லும் ஒவ்வொரு முறையும் கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து அரத்தால் ராவிவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது காசு கொடுத்து வாங்கிய குதிரை. சந்தையில் பத்துப் பேர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தது முன்பல்லை, வயது கணிப்பதற்காக. கடைவாயை ஒருவரும் பார்க்கவில்லை. அரைப்பது கடைவாய்தானே!

லத்தியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் குடற்புழுவும் இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார். பல்லை ராவி, புழுவை நீக்கிய பிறகுதான் தீனிப் பேச்சுக்கே வந்தோம்.

அடுத்து வயிறு. மாடு வளர்த்த அனுபவத்தை வைத்துக் குதிரை வளர்ப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. மாட்டின் முதல் இரைப்பை மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகு சாவகாசமாக அசைபோடும். குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான். அசைபோடாது, வாந்தியும் எடுக்க முடியாது. ஒரு நாளில் 16 மணி நேரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு அது. இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரக்கும். அதைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டுமே ஊறும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, நடுவில் வெறும் கட்டுத்தறி என்று வைத்தால் வயிற்றில் புண் வரும். புண் வந்த குதிரை முதலில் ஒதுக்குவது தானியத்தைத்தான். நாம் அதற்கும் "நாக்கு நீளம்" என்று பெயர் வைப்போம்.

ஆகவே முதல் தீனி புல். குதிரையின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, காய்ந்த கணக்கில், நாள் முழுக்கப் பரவலாகக் கிடைக்க வேண்டும். எடையை எப்படி அறிவது? கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த இடம் இது. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுங்கள். அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். கிலோவில் எடை கிடைக்கும். பவளத்துக்குச் சுற்றளவு 155, நீளம் 150. எடை சுமார் 303 கிலோ. அப்படியானால் ஒரு நாளைக்குக் காய்ந்த கணக்கில் 6 கிலோ தீவனம் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். 10 கிலோ பச்சைப் புல் போட்டால் உள்ளே போவது 2 கிலோதான். பையன் அதுவரை போட்டது ஒரு கட்டு வைக்கோலும் நாலு கிலோ கொள்ளும். வைக்கோலில் சத்து எங்கே இருக்கிறது?

இப்போது கொள்ளு. குதிரைக்குக் கொள்ளு என்பது நமக்கு வேதவாக்கு. நான் அதற்கு எதிரியல்ல. வேகவைத்துக் கொடுத்தால் நல்ல புரதம். ஆனால் கொள்ளில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. எள்ளிலோ பாதி எண்ணெய். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம் பாட்டிமார் மனிதர்களுக்குச் சொல்லிவைத்தது குதிரைக்கும் பொருந்துகிறது. மாவுச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி எண்ணெயில் இருக்கிறது. வயிறும் ரொம்பாது, தானியம் அதிகமானால் வரும் ஆபத்தும் இல்லை. நாங்கள் தவிட்டெண்ணெயை ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து, மூன்று வாரத்தில் நாளுக்கு 200 மில்லிக்குக் கொண்டுவந்தோம். காறல் வாடை அடித்தால் தொடாது, புதிதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று குதிரை மசால். அந்தப் பயிரின் பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் போடுகிறோம். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகத்து எலும்பு வீங்கும். ஆகவே தவிடு ஒரு கை, மசால் ஒரு கட்டு.

இப்போது பவளத்தின் சாப்பாடு இதுதான். பச்சைப் புல் 15 கிலோ, காய்ந்த புல் 3 கிலோ, லேசாக வாடவைத்த குதிரை மசால் 4 கிலோ, வேகவைத்த கொள்ளு 1 கிலோ மூன்று வேளையாக. அதோடு எண்ணெய், 25 கிராம் உப்பு, எந்நேரமும் தண்ணீர். எதை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக. தொட்டியைத் தினம் கழுவுகிறோம். பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டினோம். கூட்டமாக வாழும் பிராணி, தனியாக நின்றால் தின்னாது. ஆடு மென்றால் இதுவும் மெல்கிறது!

ஒரு எச்சரிக்கை. மாட்டுக்கும் கோழிக்கும் தயாரித்த தீவனத்தைக் குதிரைக்குப் போடாதீர்கள். அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் அப்படியே.

இவ்வளவு அழுத்தமாக ஏன் எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா குதிரை வண்டி ஓட்டியவர். எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் வெள்ளைக் குதிரை அந்த வருடம் இளைத்துப்போயிருந்தது. மாட்டுப் பொங்கல் அன்று குளிப்பாட்டி, மாலை போட்டு, பாவம் இளைச்சுப்போச்சு என்று ஒரு குண்டான் சர்க்கரைப் பொங்கலும் இரண்டு படி கொள்ளும் வைத்தார்கள். அன்றைக்கு அது ஆசையாகத் தின்றது. யாருக்கும் தெரியாமல் நான் இன்னொரு சட்டி கொண்டுபோய் ஊட்டினேன். ராத்திரி புரள ஆரம்பித்தது. வியர்த்து ஊற்றியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. விடிவதற்குள் போய்விட்டது. கண்ணு பட்டுருச்சு என்றார் அப்பா. சாகும் வரை அப்படித்தான் நம்பினார். கண்ணும் இல்லை, காத்தும் இல்லை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் பாசத்துக்குக் குறைவில்லை. அந்தக் குதிரையின் வாயைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. இன்று மருத்துவர் இருக்கிறார், கைபேசி இருக்கிறது, ஒரு அழைப்பில் வருகிறார். அதற்குப் பிறகும் டானிக் கடைக்கு முதலில் ஓடினால் தப்பு நம் மேல்தான்.

எல்லாக் குதிரையும் பவளத்தைப் போலத் தேறிவிடும் என்று சொல்லமாட்டேன். சில குதிரைகள் இயல்பிலேயே படபடப்பு, எவ்வளவு போட்டாலும் மெலிந்துதான் இருக்கும். கிழக் குதிரைக்குப் பல்லே விழுந்திருக்கும், அதற்கு ஊறவைத்துக் கூழாகத்தான் கொடுக்க வேண்டும். அதையும் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்? பெருமைக்கும் ரேக்ளாவுக்கும் குதிரை வாங்கும் தம்பிகளே, விலையைப் பேசும் முன் கடைவாயைப் பார்க்கச் சொல்லுங்கள். புல்லுக்கு நிலமோ காசோ இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள். இல்லை என்றால் வாங்காதீர்கள்.

நேற்று மறுபடி டேப் பிடித்தேன். சுற்றளவு 162. எடை 331 கிலோ. விலா எலும்பு இப்போது கையால் தடவினால்தான் தெரிகிறது. தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான் மாப்பிள்ளை. நான் லாயத்துக்குள் போனால் பவளம் கனைக்கிறாள். என்னைப் பார்த்தா, கையில் இருக்கும் மசால் கட்டைப் பார்த்தா என்று கேட்காதீர்கள்.