அப்பாவோட செக்... உங்களோட கால்குலேட்டர்!

வீட்ல கார் வாங்கப் போறாங்கன்னா வேலைப் பிரிவினை ரொம்ப சிம்பிள். பணம் அப்பாவோடது, பயம் அம்மாவோடது, 'எந்த வண்டி நல்லாருக்கும்'கிற ஆராய்ச்சி உங்களோடது. நீங்களும் ராத்திரி பூரா வீடியோ பார்த்து, எந்த மாடல்ல எத்தனை இன்ச் ஸ்க்ரீன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்குத் தேறியிருப்பீங்க. ஆனா ஷோரூம்ல அந்த சேல்ஸ் அண்ணன் ஒரு பேப்பரை அச்சடிச்சு, அப்பா பக்கமா மெதுவா திருப்பி வைப்பார் பாருங்க... அப்போ அப்பா உங்களைப் பார்ப்பார். நீங்க சீலிங்கைப் பார்ப்பீங்க!

இந்த வாரம் முழுக்க அந்தப் பேப்பரைப் பத்திதான். அதுல இருக்கறது அப்பாவோட பல வருஷ சம்பளம். அல்லது இனிமே வரப்போற பல வருஷ சம்பளம்.

முதல்ல வண்டி. இப்ப நம்ம ஊர்ல குடும்பத்துக்கு வாங்கறவங்க நிறையப் பேர் கேக்கறது கிராஸ்ஓவர். ஷோரூம்ல அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க, 'காம்பாக்ட் எஸ்.யூ.வி.'ன்னுதான் சொல்வாங்க. ஜீப் மாதிரி முறைச்சுக்கிட்டு நிக்கும். ஆனா உள்ளுக்குள்ள அது கார்தான். காரோட அடித்தளத்துல, கொஞ்சம் உயரமா கட்டின வண்டி. சென்னைக்குப் பக்கத்துல மறைமலை நகர்ல தயாராகி 2013-ல வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இந்த ஆசையை நிறைய வீடுகள்ல கிளப்பி விட்டுச்சு. (ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு 2021-ல அறிவிச்சது தனி சோகம்.) அப்புறம் பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூன்னு வரிசை கட்டிருச்சு. உயரம் வெறும் பந்தா இல்ல. நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாது. முட்டி வலி இருக்கற பாட்டி குனியாம, ஏறாம, அப்படியே பக்கவாட்டுல உக்காந்துடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம்னு நான் சொல்வேன்.

அதனால டெஸ்ட் டிரைவுக்கு நீங்களும் அப்பாவும் மட்டும் போகாதீங்க. பாட்டியைக் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு பேரும் ஏறி, ஏ.ஸி.யைப் போட்டு, ஒரு ஃப்ளைஓவர்ல ஏத்திப் பாருங்க. தனியா ஓட்டும்போது பறக்கிற சின்ன எஞ்சின், அஞ்சு பேரோட மூச்சு வாங்குதான்னு அங்கதான் தெரியும். பின்சீட்ல நடுவுல ஒருத்தர் அரை மணி நேரம் உக்காரணும். வீட்ல எப்பவும் நடுவுல தள்ளப்படற தம்பியோ தங்கச்சியோதான் அதுக்குச் சரியான ஜட்ஜ்! ஊருக்குப் போயிட்டு வரும்போது அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டின்னு எல்லாம் ஏறுமே, டிக்கியில அது கொள்ளுமான்னு பாருங்க. கிளம்பறதுக்கு முன்னாடி டேப் எடுத்து வீட்டு கேட்டையும் பார்க்கிங்கையும் அளந்துடுங்க. இதைச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. வண்டி கேட்டுக்குள்ள நுழையலேன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

சரி, பேப்பருக்கு வருவோம். அதுல இருக்கற வரிகளை ரெண்டு ஜாதியா பிரிச்சிடலாம். அசையாதது, அசையறது. அசையாததுகிட்ட பேரம் பேசினா தொண்டைதான் வறளும். ஆனா நீங்க எந்த மாடல் எடுக்கறீங்கங்கறதைப் பொறுத்து அதோட அளவு எக்கச்சக்கமா மாறும்.

முதல் கோடு நாலு மீட்டர். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகாம, பெட்ரோல்னா 1,200 சி.சி., டீசல்னா 1,500 சி.சி.க்குள்ள இருந்தா அது 'சின்ன கார்'. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து அதுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். அந்தக் கோட்டைத் தாண்டின பெட்ரோல், டீசல் காருக்கெல்லாம் 40 சதவிகிதம். இவ்வளவு வண்டிகள் 3,995 மில்லிமீட்டர்ல வந்து நிக்கறது ஏன்னு இப்பப் புரியுதா? அஞ்சு மில்லிமீட்டர் பயம்! இதுல ஒரு கூத்து, பிரெஸ்ஸாவும் நாலு மீட்டருக்குள்ளதான். ஆனா அதோட பெட்ரோல் எஞ்சின் 1,462 சி.சி. அதனால நீளத்துல பாஸாகியும் எஞ்சின்ல ஃபெயில், வரி பெரிய கார் வரிதான். இது எல்லாம் எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே கலந்திருக்கும், தனியா தெரியாது.

ரெண்டாவது கோடுதான் நம்ம வீட்டு பட்ஜெட்டைக் குறுக்கே வெட்டற கோடு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுள் வரியை மாத்தினாங்க. காரோட விலை அஞ்சு லட்சத்துலேர்ந்து பத்து லட்சம் வரைக்கும்னா 13 சதவிகிதம். பத்துலேர்ந்து இருபதுக்குள்ளன்னா 18. வருமான வரி மாதிரி 'பத்துக்கு மேல உள்ள பகுதிக்கு மட்டும்' இல்லீங்க, மொத்த விலைக்கும் 18!

இப்ப கால்குலேட்டரை எடுங்க. ஒரு வேரியன்ட் 9,95,000 ரூபாய். அதுக்கு அடுத்தது சன்ரூஃபோட 10,15,000. 'இருபதாயிரம்தானே சார் வித்தியாசம், மேல போயிடுங்க'ம்பார் சேல்ஸ் அண்ணன். முதலாவதுக்கு ஆயுள் வரி 1,29,350. ரெண்டாவதுக்கு 1,82,700. வரியில மட்டும் 53,350 ரூபாய் வித்தியாசம். பத்து லட்சத்தைத் தாண்டினா டி.சி.எஸ்.னு ஒரு சதவிகிதம் வேற பிடிப்பாங்க, அது 10,150. ஆக அந்த இருபதாயிரம் ரூபாய் சன்ரூஃபுக்கு அன்னிக்கு அப்பா கூடுதலா எடுத்து வைக்கறது 83,500 ரூபாய். மே மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம ஊர்ல அதைத் திறந்து வெச்சு என்ன பண்ணப் போறீங்கன்னு நீங்களே யோசிங்க. தங்கச்சி கோவிச்சுக்குவா, சமாளிச்சுடலாம்.

'அதுக்காக அடிமட்ட வேரியன்ட்டா?'ன்னு கேக்காதீங்க. ஏர்பேக், இ.எஸ்.சி. இதுல கை வைக்கவே கூடாது. 2023 அக்டோபர்லேர்ந்து நம்ம நாட்டுக்கே 'பாரத் என்கேப்'னு மோதல் சோதனை வந்திருக்கு. அதுல உங்க மாடலுக்கு எத்தனை ஸ்டார், குழந்தைகளுக்கு எத்தனைன்னு பார்த்துட்டுப் போங்க. வண்டியோட நிறத்துக்கு ஒரு வாரம் சண்டை போடற வீடு, இதுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கலாம்.

இப்ப அசையற வரிகள். இங்கதான் உங்க வேலையே.

இன்ஷூரன்ஸ். புது காருக்கு மூணு வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர்லேர்ந்து கட்டாயம். அதோட தொகை அரசாங்கம் நிர்ணயிக்கறது, எங்க வாங்கினாலும் ஒண்ணுதான். ஆனா நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கான பகுதி இருக்கே, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூம்ல கொடுக்கறதைத்தான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. வெளியில அதே காப்பீட்டுத் தொகை, அதே ஆட்-ஆன்களோட ஒரு கொட்டேஷன் வாங்கி டேபிள்ல வைங்க. 'வெளியில எடுத்தா கேஷ்லெஸ் வராது தம்பி'ன்னு சொன்னா பதறாதீங்க. அந்த கம்பெனியோட கேஷ்லெஸ் பட்டியல்ல நம்ம சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பார்த்தா போச்சு. பெரும்பாலும் அந்தப் பேப்பரைப் பார்த்ததுமே ஷோரூம் விலை இறங்கி வரும். ஒண்ணு மட்டும், விலையைக் குறைக்கறேன்னு ஆட்-ஆன்ல கை வெச்சிடுவாங்க, உஷார். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரங்க எஞ்சின் பாதுகாப்பு கவரை விடவே கூடாது. தண்ணி புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி அது நொறுங்கினா, சாதா பாலிசி கை விரிச்சிடும்.

அடுத்து 'ஹேண்ட்லிங் சார்ஜ்'. சில இடத்துல 'லாஜிஸ்டிக்ஸ்'ம்பாங்க, 'ஃபெசிலிடேஷன்'ம்பாங்க. பேர் மாறும், ஆள் ஒண்ணுதான். எக்ஸ்-ஷோரூம் விலைன்னாலே ஷோரூம் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்த வண்டியோட விலை. அப்புறம் எதை, யார் ஹேண்டில் பண்ணாங்க? 'இது எதுக்குண்ணா? ரசீதுல என்னன்னு போட்டுத் தருவீங்க?'ன்னு பணிவா ஒரு கேள்வி. முகத்துல சிரிப்பு மாறக் கூடாது. எனக்குத் தெரிஞ்சு சென்னையில ஒரு ஷோரூம்ல இந்தக் கேள்விக்கு மேனேஜர் ரூம்வரைக்கும் போயிட்டு வந்து, அந்த வரியையே பேனாவால அடிச்சுட்டார் ஒருத்தர்.

அப்புறம் ஆக்சஸரீஸ். மேட், மட்ஃப்ளாப், பாடி கவர், டெஃப்லான் கோட்டிங்னு ஒரு 'கிட்', கேக்காமலேயே பேப்பர்ல ஏறியிருக்கும். சென்னைப் பசங்களுக்கு ஜி.பி. ரோடு தெரியும், அங்க ஒரு ரவுண்டு அடிச்சு விலை கேட்டுட்டு ஷோரூமுக்குப் போங்க. ஆனா ஒயரை வெட்டி மாட்ற விளக்கு, ஹாரன் சமாசாரத்தை மட்டும் வெளியில செய்யாதீங்க, வாரன்ட்டிக்கு ஆப்பு. என் கட்சி என்னன்னா, ஆக்சஸரீஸ் இலவசம்னு சொன்னா 'அது வேணாம்ணா, அதுக்குப் பதிலா எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி கொடுங்க'ன்னு கேளுங்க. சீட் கவர் கிழிஞ்சா மாத்திக்கலாம், நாலாவது வருஷம் கியர்பாக்ஸ் போனா?

பழைய காரைக் கொடுக்கறதா இருந்தா, பழசோட விலை ஒரு நம்பர், எக்ஸ்சேஞ்ச் போனஸ் இன்னொரு நம்பர். ரெண்டையும் தனித்தனியா எழுதி வாங்குங்க. இதைத் தூக்கி அதை அமுக்கற வித்தை ரொம்பப் பழசு. அப்பா ஆசிரியரா, பேங்க்கா, அரசு ஊழியரான்னு பார்த்து கார்ப்பரேட் டிஸ்கவுன்ட் உண்டு. அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் ஐ.டி. கார்டை நீட்டணும்.

'கம்பெனி இதுக்கு மேல தரக் கூடாதுன்னு சொல்லுது சார்'னு ஒரு வசனம் வரும். சும்மா இல்ல, அதுக்கு ஒரு வரலாறு உண்டு. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல டிஸ்கவுன்ட் தரக் கூடாதுன்னு கட்டுப்படுத்தி, ஆள் அனுப்பிக் கண்காணிச்சதா சொல்லி, 2021 ஆகஸ்ட்ல மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு இந்தியப் போட்டி ஆணையம். கம்பெனி அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போச்சு. நமக்கு இதுல என்னன்னா, அதே கம்பெனியோட ரெண்டு டீலர்கிட்டயாவது எழுத்துல கொட்டேஷன் வாங்கணும். புதுக்கோட்டையில ஒரே ஷோரூம்தானா? திருச்சியில ஒண்ணு வாங்குங்க. எங்க வாங்கினாலும், சர்வீஸ் உங்க ஊர்லயே விட்டுக்கலாம்.

எப்பப் போகணும்? நம்ம ஊர் காலண்டரே ஒரு டிஸ்கவுன்ட் கூப்பன். ஆடியிலயும் மார்கழியிலயும் நல்ல காரியம் வேணாம்னு ஜனங்க ஒதுங்கிடுவாங்க, ஷோரூமுக்கு மட்டும் டார்கெட் ஒதுங்காது. ஆடி மாசக் கடைசி வாரத்துல உக்காந்து விலையைப் பேசி முடிச்சு, புக் பண்ணிட்டு, ஆவணியில டெலிவரி எடுங்க. பாட்டிக்கும் திருப்தி, பர்ஸுக்கும் திருப்தி. ஆயுத பூஜை வாரத்துல போய் பேரம் பேசறது, தீபாவளிக்கு முதல் நாள் தி.நகர்ல தள்ளுபடி கேக்கற மாதிரி. டிசம்பர் கடைசியில தள்ளுபடி தாராளமா கிடைக்கும், ஆனா ஆர்.சி.யில தயாரான வருஷம் பழசா ஏறும். பத்து வருஷம் வெச்சு ஓட்டற குடும்பம்னா தைரியமா எடுக்கலாம். நாலு வருஷத்துல விக்கிற ஐடியா இருந்தா, விக்கும்போது அந்தத் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்துடுவீங்க. இன்னொண்ணு, புக்கிங் ஃபாரத்துல பொடி எழுத்துல 'டெலிவரி அன்றைய விலையே பொருந்தும்'னு இருக்கும். ஜனவரியில கம்பெனிகள் விலை ஏத்தறது வழக்கம், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

லோன் விஷயத்துல ஒரே ஒரு கணக்கு. ஒன்பது லட்சம், 9 சதவிகித வட்டி. அஞ்சு வருஷம்னா மாசம் சுமார் 18,680. ஏழு வருஷம்னா சுமார் 14,480. 'மாசம் நாலாயிரம் கம்மி சார்'னு ஏழு வருஷத்தைத்தான் முதல்ல நீட்டுவாங்க. ஆனா மொத்தமா கட்டற வட்டி ஏறக்குறைய 95,000 ரூபாய் கூடும். நீங்க ஒரு மணி நேரம் பேசிக் குறைச்ச அத்தனையும் அங்க போயிடும். ஷோரூம் சொல்ற பேங்க் மட்டுமில்லாம, அப்பாவோட சம்பள அக்கவுன்ட் இருக்கற பேங்க்லயும் கேளுங்க. அப்பாகிட்ட எவ்வளவு தயங்கினாலும் இதை மட்டும் சொல்லிடுங்க. உங்க ஃபைனல் இயர் ஃபீஸும் அந்தச் சம்பளத்துலதான் வரணும்.

விலை முடிஞ்சாச்சா? பதிவு பண்றதுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல வண்டியைப் போய்ப் பாருங்க. பதிவாகிட்டா அது உங்க வண்டி, கீறலும் உங்களோடது. சேசிஸ் நம்பரைக் குறிச்சுக்குங்க, கடைசியில கைக்கு வர்றதும் அதே நம்பரான்னு பார்க்கணும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2325-ன்னா 2025-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. அஞ்சு டயர்லயும் பாருங்க, ஸ்டெப்னியை மறக்காதீங்க.

ஒருவேளை பத்து லட்சத்தைத் தாண்டித்தான் வாங்கினீங்கன்னா, அந்த டி.சி.எஸ். 10,150 ரூபாய் எங்கேயும் போகல, அப்பாவோட பான் நம்பர்ல வரவு இருக்கும். ஜூலையில ஐ.டி. ரிட்டர்ன் போடும்போது வரியில கழிச்சுக்கலாம், மிச்சமிருந்தா திரும்ப வாங்கலாம். டீலர்கிட்டேர்ந்து அந்த சர்ட்டிஃபிகேட்டை வாங்கி ஃபைல்ல வைக்கற வேலை உங்களோடது.