கழுவினால் போகும் நீலம்

எந்த நீல மை நல்ல நீல மை என்று நம்மவர்கள் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். திருவண்ணாமலையில் சாயங்காலம் நாலு எழுத்தாளர்கள் கூடினால் முன்பெல்லாம் அங்கே இல்லாத ஐந்தாவது எழுத்தாளரைத் தீர்த்துக் கட்டுவது வழக்கம். இப்போது ஜோல்னாப் பையிலிருந்து மைப்புட்டிகள் வெளியே வருகின்றன. ஒருவர் வழவழப்பான தாளில் கோடு இழுத்து, அதன் ஓரத்தில் சிவப்பாக மினுங்குவதைச் சாய்த்துக் காட்டுகிறார். இன்னொருவருக்குத் தம் ஜப்பானிய நீலத்தில் கடல் தெரிகிறது. மூன்றாமவர் பள்ளிக்கூடத்து ராயல் ப்ளூவின் வாசனையைச் சொல்லிக் கண் கலங்குகிறார். மைப்பேனா திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இத்தனை பேச்சிலும் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. எழுதியது நிற்குமா?

தினசரி எழுத்துக்கான மையை அது ஈரமாக இருக்கும்போது பார்த்துத் தேர்ந்தெடுப்பது மடத்தனம் என்பது என் கட்சி. காய்ந்த பிறகு, நனைந்த பிறகு, வெயில் பட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நாம் சீராட்டும் நீலங்களில் பெரும்பாலானவை எழுதுவதற்கான மை அல்ல. எழுதிப் பழகுவதற்கான மை.

இதை ஒரு சிற்றேட்டில் வந்து சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் எனக்கு ஏற்பட்டது. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் மழையில் இந்த மலைச்சரிவில் மண் இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் செத்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தச் சாவுகளின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மழையில் ஊரின் இன்னொரு கோடியில், ஓட்டு வீட்டுப் பரணில் இருந்த ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கியது. பெட்டி என் நண்பருடையது. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. எண்பதுகளில் ஆறு இதழ்களோடு நின்றுபோன ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். கவிதை எழுதினார். பிழைப்புக்கு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் மகள் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து, “மாமா, இதுல ஏதாவது தேறுமான்னு பாருங்க” என்றாள்.

உள்ளே இரண்டு நீள நோட்டுகள். ஒன்று கவிதை. பக்கத்துக்குப் பக்கம் வெளிர் நீலக் கறை. ஒரு வரிகூட முழுசாக இல்லை. நிப்பு அழுந்திய பள்ளத்தை விளக்கில் சாய்த்துப் பிடித்தால் எங்கோ ஒரு ‘ழ’வின் வால் மட்டும் தட்டுப்படுகிறது. அச்சேறிய கவிதைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். மற்றவை அந்த நோட்டில் மட்டுமே இருந்தன. இன்னொரு நோட்டு சந்தாக் கணக்கு. அதே பெட்டி, அதே தண்ணீர். அதுவும் ஊறித்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பெயரும் முகவரியும் தொகையும் கறுப்பாக நிற்கின்றன.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கணக்கை அலுவலகத்தில் கொடுத்த ப்ளூ-பிளாக்கில் எழுதினார். கவிதையை அதில் எழுத அவருக்கு மனம் வரவில்லை. ‘குமாஸ்தா மை’ என்பார். கவிதைக்கென்று சொந்தக் காசில் ராயல் ப்ளூ வாங்குவார். தாம் மதித்ததை அழிகிற மையிலும், மதிக்காததை அழியாத மையிலும் எழுதிவிட்டுப் போனார். இது அவர் ஒருவரின் தவறு அல்ல. நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு ரஸனைக் கோளாறு.

ராயல் ப்ளூவின் நீலம் ட்ரைஃபினைல்மீத்தேன் வகைச் சாயத்தால் வருவது. அது தண்ணீரில் கரையும். தாளின் நாரோடு கட்டிக்கொள்ளாமல் மேலே தங்கும். காரம் பட்டால் வெளுக்கும். வெயிலில் கிடந்தாலும் வெளுக்கும். இது அந்த மையின் குறை இல்லை, அதன் நோக்கம். பிள்ளைகளின் சட்டையில் கொட்டினால் துவைத்தெடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மை அது. ஜெர்மானியப் பள்ளிப் பிள்ளைகள் இதில் எழுதி, தப்பானால் ஒரு ரசாயனப் பேனாவால் தடவி நிறத்தைப் போக்கிவிட்டு மேலே எழுதுகிறார்கள். 1931-ல் பார்க்கர் கம்பெனி க்விங்க் மையை வெளியிட்டபோது கழுவக்கூடியது ஒன்று, நிரந்தரமானது ஒன்று என்று பெயரிலேயே பிரித்தது. அது நேர்மை. ‘ராயல்’ என்ற சொல் அந்த நேர்மையை மறைத்துவிட்டது. கழுவினால் போகிற நீலத்துக்கு ராஜ பட்டம்.

ப்ளூ-பிளாக் என்ற பெயருக்கு அர்த்தம் வேறு. அது நீலமும் கறுப்பும் கலந்த நிறம் அல்ல. நீலமாக எழுதிக் கறுப்பாக மாறுகிற வினை. காயிலிருந்து எடுத்த துவர்ப்பும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் அதில் இருக்கின்றன. எழுதும்போது இந்தக் கலவைக்கு ஏறக்குறைய நிறமே கிடையாது. எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் நீலச் சாயம் சேர்க்கிறார்கள். காற்றுப் பட்டு நாட்கள் செல்லச் செல்ல இரும்பு கறுத்து நாருக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தண்ணீர் நீலத்தைக் கொண்டுபோனாலும் கறுப்பு நிற்கும். இந்திய தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 220 என்று ஓர் எண் இருக்கிறது, இரும்பு 0.1 சதவீதம். மேற்கே ஓக் மரத்துக் காய்ப்புகளிலிருந்து எடுத்த துவர்ப்பு நமக்குக் கடுக்காயில் கிடைக்கிறது. கலம்காரித் துணியின் கறுப்பு, கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்புத்தான். அந்தக் கடுக்காயை இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் பொறுக்கி மூட்டை கட்டுகிறார்கள். கடலையும் நிலவையும் ஜப்பானிலிருந்து புட்டியில் தருவிப்பவர்கள் கண்ணுக்கு இந்த மலை தெரிவதில்லை.

நான் செய்து பார்த்த சோதனை எவரும் செய்யக்கூடியது. கோடு போடாத சாதாரணத் தாளில் ஐந்து மைகளில் ஒரே வாக்கியத்தை எழுதினேன்: ராயல் ப்ளூ இரண்டு, ஜப்பானியச் சாய நீலம் ஒன்று, இரும்பு கலந்த ப்ளூ-பிளாக் ஒன்று, நிறமித் துகள் கலந்த நீலம் ஒன்று. பாதியை அட்டையால் மூடிக் கிழக்குப் பார்த்த ஜன்னலில் சித்திரை முதல் ஆனி வரை ஒட்டி வைத்தேன். ராயல் ப்ளூ இரண்டும் வெளியே இருந்த பாதியில் சாம்பல் நிழலாகிப்போயின. ஜப்பானிய நீலம் பாதி இறங்கியது. ப்ளூ-பிளாக் நீலத்தை இழந்து கருஞ்சாம்பலாக நின்றது. நிறமி நீலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் முக்கிப் பார்த்ததிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். இன்னொன்றும் கவனித்தேன். நாம் நிஜமாக எழுதுகிற மட்டரகக் கோடு போட்ட நோட்டில், சாய மைகள் கசிந்து பின்பக்கம் இறங்கின. இரும்பு மை இறங்கவில்லை. வழவழப்பான தாளில் மட்டும் அழகாக இருக்கிற மை, அந்தத் தாளை வாங்கக் காசு உள்ளவனுக்கான மை.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தெரியும். முதலில் ரஸிகர். பைலட் கம்பெனியின் ஐரோஷிசுகு வரிசையில் ஒரு நீலத்துக்கு அசகாவோ, காலையில் பூக்கும் கொடியின் பெயர். இன்னொன்றுக்கு சுகியோ, நிலவிரவு. பெயர்கள் நன்றாகவே இருக்கின்றன. நிறமும் நன்றாக இருக்கிறது. வாழ்த்து அட்டை எழுதட்டும். சிவப்பு மினுக்கம் வேண்டுமென்று சாயத்தை அளவுக்கு மீறிக் கரைத்த மைகளோ, காய்ந்த பிறகும் விரல் பட்டால் ஈஷிக்கொள்கின்றன. எழுத்தைத் தொட்டால் எழுத்து கலைகிறது என்றால், அது எதற்கு மை?

அடுத்தவர் விஞ்ஞானி. இரும்பு மை அமிலம், தாளைத் தின்னும் என்பார். உண்மைதான். பாஹ் எழுதிய இசைப் பிரதிகள் பெர்லினில் மை அரித்து உதிரும் நிலைக்கு வந்தன. ஆனால் அது அன்னபேதியைக் கைபோன போக்கில் போட்ட காலத்து மை. அப்படியும் இருநூறு வருஷத்துக்கு மேல் படிக்கக் கிடைத்தது. நம் தாளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. மை தின்பதற்கு முன் கரையான் தின்றுவிடும். பேனாவை அரிக்கும் என்பதற்கும் பதில் உண்டு. மாதம் ஒரு தரம் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். வேறு மையோடு கலக்கக் கூடாது. எழுதாத பேனாவில் காயவிடக் கூடாது. இந்தச் சிரமம்கூடப் படமாட்டேன் என்பவர் காவியம் எழுதப்போகிறேன் என்று சொல்லாமல் இருக்கலாம்.

மூன்றாமவர்தான் ஆபத்தானவர், தத்துவவாதி. அழியட்டுமே, இந்த ஊரில் ரமணரே மணலில்தானே எழுதினார் என்பார். 1902 வாக்கில் மௌனத்தில் இருந்த ரமணர், சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய விடைகள்தாம் ‘நான் யார்?’ ஆயின. அது 1923-ல் அச்சில் வந்தது எப்படி? கேட்டவர் வீட்டுக்குப் போய் எழுதி வைத்ததால். மணலில் எழுதியவர் தம் எழுத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. நாமோ தொகுப்பு வேண்டும், செம்பதிப்பு வேண்டும், நம் கடிதங்களை யாராவது சேர்த்து வைக்க வேண்டும் என்று எல்லாம் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே கழுவுகிற மையில் எழுதுகிறோம். துறவியின் மணலைக் கடன் வாங்கிச் சோம்பேறித்தனத்தை மூடுவது பம்மாத்து.

கைபேசியில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்பவரிடம் எனக்கு வழக்கில்லை. அவர் மை வாங்குவதில்லை.

மை என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்னொரு அர்த்தம் உண்டு. கார்த்திகை தீபம் மலைமேல் பதினோரு நாள் எரிகிறது. கொப்பரையில் படிந்த கரியை எடுத்துப் பக்குவம் செய்து, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குத் தருகிறார்கள். தீப மை. ஓலையில் எழுத்தாணியால் கீறி நம் முன்னோர் தடவியதும் இந்த விளக்குக் கரிதான். அதை வெயில் வெளுக்காது, தண்ணீர் கரைக்காது. அப்படியே பேனாவில் ஊற்றினால் நாக்கு அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் சாயத்துக்கு வந்தோம். இன்று நிறமியை மிக நுண்ணிய துகளாக்கிப் பேனாவில் ஓடவிடுகிறார்கள். பிளாட்டினம் கம்பெனியின் நிறமி நீலம் அப்படி ஒன்று. விலை அதிகம். கைக்கு எட்டினால் வாங்கலாம்.

எது அழியக் கூடாது என்பதில் சர்க்காருக்குக் குழப்பம் இல்லை. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் தயாராகும் வெள்ளி நைட்ரேட் மையை நம் விரலில் வைக்கிறது. ஒரு நாள் ஓட்டுக்கு அழியாத மை. சுதேசிக் காலத்தவர்களுக்கும் குழப்பம் இருக்கவில்லை. எழுதுகிற மைகூட நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற வேகத்தில்தான் 1934-ல் வங்காளத்தில் சுலேகா பிறந்தது. எழுதுகிறவனுக்கு மட்டும்தான் மை ஓர் அலங்காரம்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். ராயல் ப்ளூவைப் பிள்ளைகளுக்கும் மளிகைச் சீட்டுக்கும் விட்டுவிடுங்கள். மினுங்குகிற நீலத்தைப் பிறந்தநாள் வாழ்த்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவிதைக்கும் கடிதத்துக்கும் நாட்குறிப்புக்கும் இரும்பு உள்ள ப்ளூ-பிளாக்கை ஊற்றுங்கள். லேபிளை நம்பாதீர்கள், இன்று ப்ளூ-பிளாக் என்று விற்பவற்றில் பலவற்றில் இரும்பே கிடையாது, வெறும் நிறம்தான். ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் எழுதிய அன்றைய நிறத்திலேயே இருந்தால் அதில் இரும்பு இல்லை. கறுத்திருந்தால் மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நீலம் ஓடி, கறுத்த கோடு நின்றால் அதுதான்.

அந்த மை கண்ணைப் பறிக்காது. அசட்டு மங்கலாக, அரசாங்கக் கோப்பு மாதிரி இருக்கும். பழகிக்கொள்ளலாம்.

நண்பரின் கவிதைகளில் எனக்கு இரண்டு வரி ஞாபகம் இருக்கிறது. அதுவும் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க இனி வழி இல்லை. சந்தா நோட்டு என் மேஜையில் இருக்கிறது. அதன் பதினான்காம் பக்கத்தில், என் பெயருக்கு நேரே, ‘பாக்கி ரூ. 3’ என்று தெளிவாக எழுதியிருக்கிறார்.