கப்பல் உல்லாசப் பிரயாணம்: கட்டணம் ஏறுவது ஏன்? கணக்குப் பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றுக்குள் நுழைந்தால், வழவழப்பான மரத் தூண்கள் வரிசையாக நிற்கும். அது பர்மாத் தேக்கு. கப்பலில் வந்தது.

அந்த வீட்டு ஆண்களும் கப்பலில் போனவர்கள்தான். "கொண்டுவிக்கப் போயிருக்கிறார்" என்று சொன்னால், அக்கரைச் சீமைக்குத் தொழில் பார்க்கப் போயிருக்கிறார் என்று பொருள். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போனார்கள். போனால், திரும்பிவர மூன்று வருஷம் ஆகும். ஊரில் இருந்த பெண்களில் பலருக்குக் கப்பல் என்பது கடிதம் கொண்டுவரும் வாகனம். அதில் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது காலம் மாறிவிட்டது. "அப்பத்தாவை ஒரு தடவை கப்பலில் அழைத்துக்கொண்டு போகலாமே!" என்று பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். வியாபாரத்துக்கு அல்ல, சும்மா சுற்றிப் பார்க்க!

செல்போனில் விளம்பரம் வருகிறது. "இரண்டு இரவு, மூன்று பகல். சாப்பாடு உண்டு, ஆட்டம் பாட்டம் உண்டு" என்கிறது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. அடுத்த வாரம் பார்த்தால் இன்னும் ஏறியிருக்கிறது.

இது என்ன டிக்கெட்டா, தங்கமா?

அந்தக் காலத்து டிக்கெட்

பழைய கப்பல்களில் இந்தத் தொல்லை இல்லை. "ரஜூலா" என்ற கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ல் கட்டிய கப்பல் அது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். கட்டிய காலத்தில், டெக் பிரயாணிகள் மட்டும் 5 ஆயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது!

டெக் பிரயாணி என்றால் அறை கிடையாது. பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொள்ள வேண்டும். வசதி உள்ளவர்களுக்கு அறை. எந்த வகுப்புக்கு எவ்வளவு என்பது ஏறுவதற்கு முன்பே தெரியும். பக்கத்தில் படுத்திருப்பவரும் அதே பணம்தான் கொடுத்திருப்பார்.

ரஜூலா 1973 வரை ஓடியது. அதன் பிறகு, வ.உ.சி.யின் பெயர் தாங்கிய "சிதம்பரம்" கப்பல் சிங்கப்பூர் போய்வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. ஆகாய விமானம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்த கப்பல்

சுமார் 37 வருஷம் கழித்து, 2022 ஜூனில் "எம்பிரஸ்" என்ற உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பி வைத்தார். 11 மாடி உயரம். சுமார் 800 அறைகள். கார்டிலியா என்ற கம்பெனி இதை நடத்துகிறது. 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போயிற்று. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களில் நின்று வந்தது.

கப்பல் ஜூனில் சென்னைக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் அரபிக் கடல் கொந்தளிக்கும். மும்பை, கோவா பக்கம் உல்லாசக் கப்பல் ஓட்டுவது கடினம். அப்போது வங்கக் கடல் பக்கம் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் புயல் அடிக்கும்போது மேற்குப் பக்கம் போய்விடுவார்கள். சென்னையில் ஏற விரும்புகிறவர்கள் இந்தப் பருவத்தைக் கவனிக்க வேண்டும்.

ஏன் ஏறுகிறது?

கட்டணம் ஏறியதற்குப் பெரிய காரணம் கொரோனா. 2020 மார்ச்சில் உலகம் முழுவதும் உல்லாசக் கப்பல்கள் நின்றுவிட்டன. நின்றாலும் செலவு நிற்குமா? கப்பலைத் துருப்பிடிக்காமல் வைத்திருக்க வேண்டும். துறைமுகத்துக்கு வாடகை கட்ட வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வருமானமோ பூஜ்யம்.

கம்பெனிகள் கடன் மேல் கடன் வாங்கின. உலகத்திலேயே பெரிய கப்பல் சுற்றுலாக் கம்பெனியான கார்னிவலின் கடன் 3 ஆயிரம் கோடி டாலரையும் தாண்டியது. வட்டித் தொழிலில் பேர் பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்த வட்டியும் டிக்கெட்டுக்குள்தான் இருக்கிறது.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது. 2019-ல் உலகம் முழுவதும் 2 கோடியே 97 லட்சம் பேர் உல்லாசக் கப்பலில் போனார்கள். 2023-ல் அது 3 கோடியே 17 லட்சம். 2024-ல் 3 கோடியே 46 லட்சம். அறைகள் நிரம்பி வழியும்போது எந்த முதலாளி விலையைக் குறைப்பார்?

எரிபொருள் இன்னொரு செலவு. 2020 ஜனவரி 1 முதல், கப்பல்களில் கந்தகம் குறைந்த எண்ணெயைத்தான் எரிக்க வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் வந்துவிட்டது. முன்பு கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம். இப்போது 0.5 சதவீதம்தான். நல்ல எண்ணெய் என்றால் விலையும் கூடத்தான் இருக்கும். இல்லாவிட்டால், புகையைக் கழுவிச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தைக் கப்பலில் பூட்ட வேண்டும். அதுவும் செலவுதான்.

துறைமுக ஊர்களும் சும்மா இருக்கவில்லை. கிரீஸ் நாடு 2025 ஜூலை முதல், கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் தலைவரி வாங்குகிறது. சந்தோரினி தீவில், கூட்டம் மிகுந்த மாதங்களில் இது ஒருவருக்கு 20 யூரோ.

காலி அறை கசக்கும்

கட்டணம் நாளுக்கு நாள் மாறுவது ஏன்? கப்பல் புறப்பட்ட பிறகு காலி அறையை யாருக்கும் விற்க முடியாது. சந்தையில் மாலை நேரத்துத் தக்காளி மாதிரி! அறை நிறைந்தாலும் காலியாக இருந்தாலும் மாலுமிக்குச் சம்பளமும் எண்ணெய்ச் செலவும் குறையப் போவதில்லை. ஆகவே எத்தனை அறை விற்றது, எத்தனை நாள் பாக்கி என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வேகமாக விற்றால் விலை ஏறும். தேங்கினால் இறங்கும்.

கடைசி நேரத்தில் இறங்கும் என்று காத்திருக்கலாமா? தனி ஆளுக்குச் சரி. ஐந்து பேர் குடும்பத்துக்குச் சரிப்படாது. அடுத்தடுத்த அறைகள் கிடைக்காது. பள்ளிக்கூட விடுமுறை, தீபாவளி, பொங்கல் நாட்களில் விலை இறங்குவதும் அரிது. அந்த நாட்களில் முந்திக்கொள்வதே லாபம். பள்ளி திறந்த பிறகு, வார நடுவில் புறப்படும் கப்பலின் விலையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அது நல்ல நாள்.

ஐந்து பேர் கணக்கு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது ஒரு ஆளுக்கு உள்ள விலை. அதுவும் ஒரு அறையில் இரண்டு பேர் தங்கினால்தான் அந்த விலை. ஒருவர் மட்டும் தங்கினால், பல கம்பெனிகள் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தையும் வாங்கிவிடும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை உண்டு.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பத்தா. விளம்பர விலை ரூ.20 ஆயிரம் என்றும், மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பாதி என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

நான்கு பேர் ஒரு அறையிலும், அப்பத்தா தனி அறையிலும் தங்கினால் என்ன ஆகும்? முதல் அறைக்கு ரூ.60 ஆயிரம். அப்பத்தா ஒருவருக்கு மட்டும் ரூ.40 ஆயிரம். மொத்தம் ரூ.1 லட்சம்.

பேத்தியை அப்பத்தாவுடன் படுக்க வைத்தால்? மூன்று பேர் அறைக்கு ரூ.50 ஆயிரம். இரண்டு பேர் அறைக்கு ரூ.40 ஆயிரம். மொத்தம் ரூ.90 ஆயிரம். ரூ.10 ஆயிரம் மிச்சம்! இரவில் அப்பத்தாவுக்குத் துணையும் ஆயிற்று.

இத்துடன் கணக்கு முடியவில்லை. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைப் பணம் எல்லாம் தனி. அது தலைக்கு ரூ.5 ஆயிரம் என்றால், ஐந்து பேருக்கு ரூ.25 ஆயிரம்.

அடுத்தது ஊரிலிருந்து சென்னை போய்வரும் செலவு. காரைக்குடியில் காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியம் சென்னை. அன்றைக்கே கப்பல் ஏறலாம் என்று சிலர் துணிவார்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. கட்டிய பணமும் திரும்பாது. முதல் நாளே போய்த் தங்குவதுதான் புத்தி. ரயில், ஆட்டோ, தங்கும் விடுதி, வழிச் சாப்பாடு எல்லாம் ரூ.15 ஆயிரம் என்று வைப்போம்.

ஆக மொத்தம் ரூ.1 லட்சத்து 30 ஆயிரம். ஒரு ஆளுக்கு ரூ.26 ஆயிரம். ஒரு இரவுக்கு ரூ.13 ஆயிரம். விளம்பரத்தில் பார்த்ததோ, இரண்டு இரவுக்கு ரூ.20 ஆயிரம்!

இரண்டு கப்பலை ஒப்பிடும்போது இப்படி, ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். ரயில் செலவும் விடுதிச் செலவும் எத்தனை இரவு போனாலும் ஒன்றுதான். அதனால், சில சமயம் நான்கு இரவுப் பிரயாணம் இரவுக் கணக்கில் மலிவாக இருக்கும். ஆனால் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் கூடும். மலிவு என்று மயங்கி, நகைச் சீட்டுப் பணத்தை உடைக்கக் கூடாது.

எந்த அறை?

சன்னல் இல்லாத உள் அறை எப்போதும் மலிவு. சன்னல் வைத்த அறை அதற்கு மேல். பால்கனி அறை இன்னும் மேல். சாப்பாட்டுக் கூடமும் பொதுவான ஆட்டம் பாட்டமும் எல்லோருக்கும் ஒன்றே. இரண்டு நாள் பிரயாணத்தில் அறைக்குள் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? கடலை மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். அதற்குக் காசு இல்லை.

"அறை எண்ணைக் கம்பெனியே ஒதுக்கும்" என்ற நிபந்தனையோடு இன்னும் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். இளவட்டங்களுக்கு அது போதும். வயதானவர்கள் வந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்க வேண்டும். அங்கேதான் ஆட்டம் குறைவு. தலைசுற்றலும் குறையும்.

கப்பலுக்குள் போன பிறகு குளிர்பானம், இன்டர்நெட், தனி ஓட்டல், கரையில் இறங்கிச் சுற்றும் வண்டி, டாக்டர் எல்லாவற்றுக்கும் பில் வரும். பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இரண்டு. "எல்லாம் சேர்த்து முடிவான தொகை எவ்வளவு?" என்பது ஒன்று. "போக முடியாவிட்டால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்பது மற்றொன்று. புறப்படும் நாள் நெருங்க நெருங்க, திரும்பும் பணம் தேய்ந்துகொண்டே போகும். பெரியவர்களுக்கு உடம்பு முடியாமல் போகலாம். அல்லது வீட்டில் ஒரு நல்லது கெட்டது வரலாம். அட்வான்ஸ் முழுவதும் போய்விடும் டிக்கெட், எவ்வளவு மலிவானாலும் மலிவல்ல.

சிங்கப்பூர் வழி

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம். திருச்சியிலிருந்து விமானத்தில் போய், அங்கிருந்து கப்பல் ஏறுகிறார்கள். பல கம்பெனிகளின் கப்பல்கள் அங்கே வருவதால் விலையில் போட்டி உண்டு. பிள்ளையைப் பார்க்க எப்படியும் போகிறவர்களுக்கு இது லாபம். கப்பலுக்காக மட்டும் போனால் விமானக் கட்டணம் கணக்கைத் தூக்கிவிடும்.

விசாவையும் கவனிக்க வேண்டும். கப்பலில் வெளிநாடு போய்த் திரும்புவது, சிங்கப்பூருக்குள் இரண்டாவது தடவை நுழைவதாகும். ஒரே தடவை நுழையும் விசா வைத்திருந்தால் சங்கடம். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஏஜெண்டு வருமான வரி பிடித்தால், ரசீதை வாங்கி வைக்க வேண்டும். வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். பலர் இதை மறந்து பணத்தை இழக்கிறார்கள்.

நாகப்பட்டினத்துக் கப்பல்

"உல்லாசம் வேண்டாம். கடலில் போய்வந்தால் போதும்" என்பவர்களுக்கு நாகப்பட்டினம் இருக்கிறது. 2023 அக்டோபர் 14-ல் அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் தொடங்கியது. தூரம் சுமார் 110 கிலோ மீட்டர். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பிரயாணம். கட்டணம் ஒரு வழிக்கு ரூ.6,500. வரியோடு ரூ.7,670. முதல் நாள் மட்டும் சலுகையாக ரூ.2,800 அளவில் வாங்கினார்கள்.

ஆள் சேரவில்லை. வாரம் மூன்று நாளாகக் குறைத்தார்கள். மழைக் காலம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 2024 ஆகஸ்டு 16-ல் தனியார் கம்பெனி ஒன்று வேறு கப்பலை விட்டபோது, சாதாரண இருக்கைக்கு ஒரு வழிக்குச் சுமார் ரூ.5 ஆயிரம் என்றார்கள். உலகமெங்கும் கப்பல் கட்டணம் ஏற, இங்கே இறங்கியது! ஆள் ஏறினால்தான் கப்பல் ஓடும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கப்பலின் பெயர் "சிவகங்கை".

அதில் அறை இல்லை. ஆட்டம் பாட்டம் இல்லை. உட்கார்ந்து போகும் இருக்கைதான். பாஸ்போர்ட்டும் இலங்கை விசாவும் வேண்டும். பாஸ்போர்ட் முடிய ஆறு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். புதிதாக எடுக்க வேண்டியவர்கள், டிக்கெட்டுக்கு முன் அதைத்தான் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவ மழை மாதங்களில் இந்தக் கப்பலை நிறுத்திவிடுவது வழக்கம். 2024 நவம்பரில் நின்றது, மறுபடி ஓடியது 2025 பிப்ரவரியில்தான். காற்று பலமாக இருந்தால் மற்ற மாதங்களிலும் ரத்தாகலாம். திரும்பும் நாளன்றே வீட்டில் விசேஷம் வைத்துக்கொள்ளாமல், இரண்டு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.