பாற்கடலும் கரும்புத் தோட்டமும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ ஒரு புராணிகரைக் கேட்டால், பூமியில் ஏழு தீவுகள் உண்டென்றும், அவற்றைச் சுற்றிப் பாற்கடல், நெய்க்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல் உண்டென்றும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். தென்னாப்பிரிக்கா எந்தத் தீவில் இருக்கின்றது என்று கேட்டால் மாத்திரம் அவருக்கு இருமல் வந்துவிடும்.

ஆனால் உண்மையில் கரும்புக்காக உப்புக்கடல் தாண்டினவர்கள் நம்மவர்களே. 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து அத்தேசத்து டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அதுமுதல் 1911 வரையில் இந்தியாவிலிருந்து சுமார் 1,52,000 பேர் நேட்டால் கரும்புத் தோட்டம் முதலியவைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் ஏற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். கடல் தாண்டினால் தோஷம் என்ற சாஸ்திரம் அவர்கள் வயிற்றுக்கு வழி சொல்லவில்லை.

தென்னாப்பிரிக்கா நம் தமிழ்நாட்டைப்போல் ஒன்பது மடங்கு பெரியது. ஜனத்தொகையோ 2022-ம் வருஷத்துக் கணக்குப்படி 6 கோடியே 20 லட்சம்தான். தலைநகரம் மூன்று: நிர்வாகத்துக்குப் பிரிட்டோரியா, சட்டசபைக்குக் கேப்டவுன், நீதிக்கு ப்ளூம்பொன்டீன். 1886-ல் அங்கே தங்க வயல் கண்டார்கள். தங்கம் கிடைத்த தேசம் செழிக்க வேண்டாமா? செழித்தது, வெள்ளையருக்கு! 1913-ல் ஒரு சட்டம் செய்து, ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்காயிருந்த கறுப்பு மக்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு நிலத்தையே ஒதுக்கினார்கள். 1936-ல் மனமிரங்கிப் பதின்மூன்றாக்கினார்கள். 1948 முதல் நிறப் பிரிவினையே சர்க்கார் கொள்கையாயிற்று. குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடற்கரை, பெஞ்சு எல்லாம் தனித்தனி. இதற்குப் பைபிளில் ஆதாரம் இருக்கின்றதென்று டச்சு சீர்திருத்தச் சபைப் பாதிரிகள் சொன்னார்கள். நம் மனுதர்மக்காரர்களுக்கு இவர்கள் அண்ணன் தம்பி முறை.

1994-ல் எல்லோருக்கும் ஓட்டு வந்தது. பைபிளில் ஓர் எழுத்தும் மாறவில்லை; பிரிவினைச் சட்டம் மாத்திரம் போய்விட்டது. எனினும் விவசாய நிலத்தில் பெரும்பகுதி பழைய கைகளிலேயே தங்கிவிட்டது. வேலை தேடுவோரில் சுமார் மூன்றிலொருவருக்கு வேலையில்லை. ஓட்டுச் சீட்டு மாத்திரம் அடுப்பை எரிய வைக்காதென்பதை இராஜபாளையம் மில் தொழிலாளித் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தியா 1946-லேயே அத்தேசத்தோடு வியாபாரத்தை நிறுத்தியது. ரொம்பவும் சரி. ஆனால் சென்னை மாகாணத்தில் எல்லாக் கோவில்களுக்கும் நுழைவுச் சட்டம் வந்தது 1947-ல்தான்! டர்பனில் நம்மவனுக்குத் தனிப் பெஞ்சு என்றால் கொதித்தவர்கள், உள்ளூரில் அவனுக்குத் தனிக்கிணறு வைத்திருந்தார்கள். இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் அர்த்த மண்டபத்துக்குள் அர்ச்சகர் முதலானோர் தவிர மற்றவர் போகக்கூடாது என்கிறார்கள். 2024 டிசம்பரில் இசையமைப்பாளர் இளையராஜாவும் வெளியே நின்றுதான் மரியாதை பெற்றார். கேட்டால், வழக்கம் என்கிறார்கள். அது எந்த வருஷத்தோடு முடியும் என்று மாத்திரம் எவரும் சொல்லக் காணோம்.